வீட்டுக்கு ஒரு பைனாகுலர் போதும்: நீண்டநாள் பயன்படுத்திய ஓர் அப்பாவின் அனுபவம்

மூத்தவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாட்களில் வாங்கிய பைனாகுலர் இது. இப்போது அவள் என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். இடையில் வீட்டில் கைபேசிகள் பலமுறை மாறிவிட்டன, தொலைக்காட்சி மாறிவிட்டது, சோபாகூட மாறிவிட்டது. இது மட்டும் மாடிக் கதவுக்குப் பின்னால் உள்ள ஆணியில் இன்னமும் தொங்குகிறது. ஒரு பொருளை வாங்கிய மறுநாளே அதைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். பெட்டியின் வாசனை போவதற்குள் ஐந்து நட்சத்திரமும் விழுந்துவிடுகிறது. பழசான பிறகும் அந்தப் பொருளை வீட்டில் யாராவது தானாகக் கையில் எடுக்கிறார்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன். இதை எடுக்கிறார்கள். அதனால்தான் எழுதத் தோன்றியது.

முதலில் எண்களை முடித்துவிடுகிறேன். என்னுடையது 8×42. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மி.மீ. 80 மீட்டர் தொலைவில் உள்ள கிளை, 10 மீட்டரில் இருப்பதாகக் கண்ணுக்குப் படும். கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கைநீட்டுவது 10 மடங்குக்கும் 12 மடங்குக்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அவை வேண்டாம் என்பேன். காட்சி எத்தனை மடங்கு பெரிதாகிறதோ, கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். பார்வைப் பரப்பும் பொதுவாகச் சுருங்கிவிடும். பறவை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று குழந்தை தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும். கூடவே குழந்தையின் ஆர்வமும் பறந்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கருவியிலிருந்து வெளியேறிக் கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றையின் விட்டம் அத்தனை மி.மீ. இருட்டில் இளம் வயதினரின் கண்மணி ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற அந்த விரிவு குறைந்துகொண்டே வரும். ஆக, இந்தக் கருவி தரும் ஒளி என் கண்ணுக்கு அநேகமாகச் சரியாகப் போகிறது. பிள்ளைகளின் கண்ணிலோ இன்னும் இடம் காலியாக இருக்கிறது. என் வயதை இவ்வளவு நாசூக்காக யாரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்லை.

எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பெரியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. சிறு பிள்ளையின் கழுத்துக்கு அது பாரம்தான். மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளப் பழக்கினேன். அப்படி ஊன்றிக்கொண்டால் நடுக்கமும் குறையும்.

சின்னவன் விஷயம் வேறு. அவனுக்கு நான்கு வயது ஆகும்வரை இந்தக் கருவி அவன் முகத்துக்குப் பொருந்தவே இல்லை. இரண்டு குழாய்களையும் எவ்வளவு மடக்கினாலும் கண் வைக்கும் இரண்டு லென்ஸ்களின் மையங்களுக்கு நடுவே ஏறத்தாழ 56 மி.மீ. தூரம் இருக்கும், இந்த அளவுக் கருவிகள் பலவற்றிலும் அப்படித்தான். சிறு குழந்தையின் கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம் அதைவிடக் குறைவு. எனவே ஒரு கண்ணால் மட்டும் பார்ப்பான். சில நேரம் இரண்டு குழாய்களுக்கும் நடுவே உள்ள வெட்டவெளி வழியாக வெறும் கண்ணால் பார்த்துவிட்டு, “தெரிந்துவிட்டது” என்று கருவியைத் திருப்பிக் கொடுப்பான். என்ன தெரிந்தது என்று கேட்டால் விவரமாகப் பதில் வரும். குறுக்கே யாரும் பேசவில்லை. வரிசையில் நின்றவனுக்கு ஒரு முறை கிடைத்தாக வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால், கடையில் அந்தப் பிள்ளையின் முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சிறிய மடிப்பு வகைகள் சில இன்னும் நெருங்கி வரும்.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். பைனாகுலரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். தயாரிப்பாளர்கள் யாரும் இதைச் சிறப்பம்சமாக அட்டையில் அச்சிடுவதில்லை. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் அச்சிட வேண்டும்.

எதிர்த்த மரத்தில் ஒரு காகம் கூடு கட்டியது. முதலில் கண்டவள் மூத்தவள். கருவி அவள் கையில் இருந்ததால் மற்ற மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். “குச்சி கொண்டுவருகிறது… இல்லை, கம்பி. வளைந்த கம்பி. உள்ளே திணிக்கிறது. திணிக்க முடியவில்லை. அலகை மாற்றிப் பிடிக்கிறது.” வீட்டில் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகரும் பெண், மூச்சுவிடாமல் வர்ணித்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவருக்குச் சொல்லும் கடமை. காத்திருக்கிறவர்களுக்குக் கேட்கும் உரிமை. சரியாகச் சொல்லாவிட்டால், “என்ன நிறம், எந்தப் பக்கம், இப்போது என்ன செய்கிறது” என்று மூன்று பக்கமும் இருந்து கேள்விகள் பறக்கும். ஒரே திரையை நால்வரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும்தான் தெரிகிறதே. இங்கே ஒருவர் சொல்லாவிட்டால் மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

குஞ்சுகள் வந்த பிறகு மாடியில் கூட்டம் கூடிவிட்டது. தாய், தந்தை இரண்டுமே மாறி மாறி இரை கொண்டுவந்தன. குஞ்சு வாயைத் திறந்தால் உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கும். கன்னங்கரேலென்ற காகத்துக்கு இப்படி ஒரு வாயா என்று மனைவி அசந்துபோனார். பெரிய காகத்தைக் கவனித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பறவைகளுக்கு இமைகளோடு மூன்றாவதாக ஒரு சவ்வும் உண்டு; கண்ணின் குறுக்கே பக்கவாட்டில் ஓடித் துடைத்துவிட்டுப் போகும். நல்ல வெளிச்சத்தில், காகம் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது, கரிய கண்ணில் சட்டென்று ஒரு வெளிறிய மின்னல் வந்து மறையும். கண்சிமிட்டும் நேரம்தான். இதை முதலில் பார்த்தவன் சின்னவன். நாங்கள் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக முறை வைத்து, அந்தக் காகம் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்காகக் காத்திருந்தோம். நான் பார்த்தபோது அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “நான் சொன்னேனா இல்லையா?” என்றான். சொன்னான். எல்லோரையும்விடச் சிறியவன் சொன்னதைப் பெரியவர்கள் சரிபார்த்து ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு ஒரு வீட்டில் எத்தனை முறை அமையும்?

வலது கண்பக்கத்தில் ஒரு சிறு வளையம் இருக்கும். இரண்டு கண்களின் பார்வைத் திறனும் ஒன்றாக இராது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் இந்த வளையம். பலர் இதைத் தொடுவதே இல்லை. தொடாமலே, “கலங்கலாகத் தெரிகிறது, மட்டமான பொருள்” என்று முடிவு கட்டிவிடுவார்கள். முறை எளியது. வலது லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு, இடக் கண்ணால் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். பிறகு இடது லென்ஸை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் தொடாமல் வலப்பக்க வளையத்தை மட்டும் திருகுங்கள். ஒருமுறை அமைத்துவிட்டால் அந்த ஆளுக்கு அதுதான் அளவு.

எங்கள் நால்வருக்கும் அந்த அளவு நான்கு விதம். ஆளுக்கொரு நிறத்தில் வளையத்தின் ஓரத்தில் புள்ளி வைத்திருக்கிறோம். இதில் எதிர்பாராத ஒரு வசதி கிடைத்தது: கடைசியாகப் பார்த்தவர் யார் என்று வளையத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரவு என் புள்ளியில் விட்டுவிட்டுப் படுப்பேன். காலையில் எடுத்தால் சில நாட்களில் மனைவியின் பச்சைப் புள்ளியில் நிற்கும். வீடு விழிப்பதற்கு முன் அவர் மாடிக்குப் போய்வருகிறார் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. என்ன பார்க்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நாள் முழுவதும் எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருக்கிறவர், யாருக்கும் சொல்லத் தேவையில்லாமல் ஒன்றைப் பார்த்துவிட்டு வரட்டும். வளையத்தை என் புள்ளிக்குத் திருப்பிவைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

இரவுப் பார்வைக்கு வருவோம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் பிடிக்கும். நடுவில் ஒருவர் கைபேசியைத் திறந்து பிரகாசமான திரையைப் பார்த்துவிட்டால் அவருடைய கண் மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டும். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேடு. ஆகவே மாடிக்குக் கைபேசி வராது. இது என் சட்டம் என்றால் வீட்டில் வழக்கு நடந்திருக்கும். கண்ணின் சட்டம் என்பதால் மேல்முறையீடு இல்லை. அந்த அரை மணி நேரத்தில் பார்க்க ஒன்றும் இல்லாமல் நால்வரும் இருட்டில் உட்கார்ந்திருப்போம். பள்ளியில் நடந்தவை, ஆசிரியர் திட்டியது, தோழியோடு பேச்சு நின்றுபோனது என்று எல்லாம் வெளியே வருவது அந்த நேரத்தில்தான். முகம் தெரியாதபோது பிள்ளைகளுக்குப் பேச்சு எளிதாகிறது. உண்மையைச் சொன்னால், சில இரவுகளில் மேகம் மூடி வானத்தில் ஒன்றுமே கிடைக்காமல் இறங்கி வந்திருக்கிறோம்; அவற்றை வீணான இரவுகள் என்று நான் எண்ணுவதில்லை.

நிலாவை முழுநிலவு நாளில்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். முழுநிலவில் சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலே இராது. நிலா தட்டையாக, கண் கூசும்படி இருக்கும். அரை நிலா நாட்களை ஒட்டிப் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் பள்ளங்கள் ஆழமாக எழுந்து நிற்கும். வளர்பிறை அரை நிலாவுக்கு இரண்டொரு நாள் கழித்து, ஏறத்தாழ 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளம் அந்தக் கோட்டருகே வரும். எட்டு மடங்கிலேயே அதை இனம் காணலாம். மெல்லிய பிறை நாட்களில் நிலாவின் இருண்ட பகுதியும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி அது.

என் அம்மா வந்திருந்தபோது நிலாவைக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடி போடுகிறவர். கண்பக்கத்து ரப்பரைக் கீழே மடித்துவிட்டால் கண்ணாடியைக் கழற்றாமலே பார்க்கலாம். மடிக்காவிட்டால் ஒரு சிறு வட்டம் மட்டும்தான் தெரியும். வாங்கும்போது இதையும் கவனியுங்கள்: கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே 15 மி.மீ.க்குக் குறையாத தூரம் கிடைக்க வேண்டும். அம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு, “அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கிறதே, இதைக் காட்டியா உனக்குச் சோறு ஊட்டினேன்?” என்றார். பிள்ளைகளுக்கு அன்று நிலாவைவிட அது பெரிய செய்தி. நான் சாப்பிட அடம்பிடித்த கதைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நிறுத்தச் சொல்லியும் அம்மா நிறுத்தவில்லை.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் வெறும் கண்ணுக்கு ஆறு புள்ளிகள். இதில் பார்த்தால் எண்ணி மாளாது. இருட்டான இடம் வாய்த்தால் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஆண்ட்ரோமேடா விண்மீன் மண்டலம்கூட ஒரு மங்கலான திட்டாகத் தெரியும். சனியின் வளையம் தெரியாது. அதற்குத் தொலைநோக்கிதான் வேண்டும். விளம்பரப் படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

வியாழன்தான் எங்கள் வீட்டு நாயகன். 1610 ஜனவரியில் கலிலியோ தம் தொலைநோக்கியில் கண்ட நான்கு நிலாக்களையும் தேடலாம். சுவரில் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் வியாழனின் இருபுறமும் ஊசிமுனைப் புள்ளிகளாக நிற்கும். எல்லா இரவும் நான்கும் சேர்ந்து தெரியாது. அவற்றில் ஐயோ (Io) என்ற நிலா வியாழனை மிக நெருங்கிச் சுற்றுவதால் ஒளி வெள்ளத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். கனிமீடும் காலிஸ்டோவும் எளிதில் சிக்கும். மூத்தவள் ஒரு நோட்டில் ஒரு வட்டமும் பக்கத்தில் புள்ளிகளும் வரைந்து தேதி போடத் தொடங்கினாள். அடுத்த இரவு புள்ளிகள் இடம் மாறியிருக்கும். ஐயோ ஒரு சுற்று வர இரண்டு நாள்கூட ஆகாது; காலிஸ்டோவுக்குப் பதினாறு நாட்களுக்கு மேல் ஆகும். வியாழனிலிருந்து ஒளி நம்மிடம் வந்துசேர அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அது மிகத் தொலைவில் இருக்கும் மாதங்களில் ஐம்பது நிமிடத்தையும் தாண்டும். “அப்படியென்றால் இந்த ஒளி கிளம்பும்போது நான் வீட்டுப்பாடம் முடிக்கவே இல்லை” என்றாள் அவள். முடித்தாயா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். என்னுடைய மாதிரி காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டதன்று. ஈரப்பதம் மிகுந்த பருவத்தில் உள்பக்கம் ஆவி படிந்தது; பிறகு ஒரு லென்ஸின் ஓரத்தில் நூல் நூலாகப் பூஞ்சை கிளம்பியது. நைட்ரஜன் நிரப்பி அடைத்த வகைகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. கூடுதலாகச் செலவானாலும் அதையே வாங்குங்கள். அடைத்துவிட்டதால் வெளியே உள்ள தூசியும் பூஞ்சையும் வராது என்றில்லை. மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதும் அவ்வப்போது காற்றாட விடுவதும் எல்லா வகைக்கும் நல்லது. எங்களுடையது ஆணியில் வெளியே தொங்குவதற்குப் பாதிக் காரணம் இந்தக் காற்றோட்டம்.

ஒருமுறை படிக்கட்டில் உருண்டு விழுந்தது. யார் கையிலிருந்து என்பதில் இன்றுவரை இரண்டு கட்சிகள் உள்ளன. வெளியே ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் காட்சி இரண்டாகத் தெரிந்தது. உள்ளே உள்ள முப்பட்டகங்களில் ஒன்று சற்றே நகர்ந்தாலும் இரண்டு குழாய்களும் ஒரே இடத்தைப் பார்க்காமல் போய்விடும். மிகச் சிறிய விலகலை மூளை இழுத்துப் பிடித்து ஒன்றாக்கிவிடும். அதற்குக் கூலியாகத் தலைவலி வரும். பார்த்து முடித்ததும் தலை வலித்தால் கண்ணைக் குறைசொல்லாமல் கருவியைச் சந்தேகியுங்கள். முதலில் போன கடையில், புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வேறோர் இடத்தில் வயதான ஒருவர் சிறு திருகுகளைத் திருகிச் சரிசெய்ததோடு, பூஞ்சையையும் துடைத்துத் தந்தார். பூஞ்சை அரித்த இடத்தில் லென்ஸின் மேற்பூச்சு போய் ஒரு தழும்பு இருக்கிறது. பார்க்கும்போது அது தெரிவதில்லை.

லென்ஸைச் சட்டை நுனியால் துடைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முதலில் தூசியை ஊதுபையால் ஊதி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.

சூரியன் பக்கம் இதைத் திருப்பவே கூடாது. ஒரு கணம் போதும், கண் நிரந்தரமாகப் போய்விடலாம். பகலில் சிறு பிள்ளையிடம் இதைக் கொடுத்துவிட்டு நீங்கள் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. எங்கள் வீட்டின் இன்னொரு விதி, அடுத்தவர் ஜன்னல் பக்கமும் திருப்பக் கூடாது. மூத்தவளுக்கு இதன் காரணம் புரிகிறது. சின்னவனுக்கு எதிர்வீட்டுத் தொலைக்காட்சியில் என்ன ஓடுகிறது என்பது மட்டும் அவ்வப்போது தெரியவேண்டியிருக்கிறது.

தலைகீழாகப் பிடித்தால் இதுவே பூதக்கண்ணாடி. பெரிய லென்ஸின் பக்கம் கண்ணை வைத்து, கண்பக்கத்தை ஒரு பொருளுக்கு வெகு அருகே கொண்டுபோனால், இலையின் நரம்பும் எறும்பின் காலும் பெரிதாகத் தெரியும். வானம் மூடிய நாட்களில் சின்னவன் மாடித் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இந்த வேலையில் இருப்பான்.

ஆடிக்கொரு தடவை அமாவாசைக்கொரு தடவை பயன்படுத்த இதை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நட்சத்திரம் பார்க்க அமாவாசைதான் சிறந்த நாள், தாராளமாக வாங்குங்கள் என்றேன். ஆனால் பெட்டியில் பூட்டி அலமாரியின் மேல்தட்டில் வைப்பதாக இருந்தால் வேண்டாம். கை எட்டும் இடத்தில், ஓடிவந்து எடுக்கும்படி இருந்தால்தான் இது பயன்படும். காகம் பெட்டி திறக்கும்வரை காத்திருப்பதில்லை.

தனக்கென்று ஒன்று வேண்டும் என்று சின்னவன் இப்போது மனுப் போட்டிருக்கிறான். அக்கா அதிக நேரம் வைத்துக்கொள்கிறாள் என்பது அவன் தரப்பு. அவன் கேள்வி கேட்டே பார்க்க விடுவதில்லை என்பது அவள் தரப்பு. இரண்டும் நியாயம்தான். இரண்டாவது ஒன்று வாங்குவதாக இல்லை. அந்தக் காசுக்கு ஒரு முக்காலியும் அதில் இதைப் பொருத்தும் இணைப்பும் வரப்போகின்றன. நடுக்கம் போய்விட்டால் ஐயோவைப் பிடித்துவிடலாம் என்று மூத்தவள் கணக்குப் போட்டுவைத்திருக்கிறாள். முக்காலியை யார் தூக்கிக்கொண்டு படியேறுவது என்ற விசாரணை இன்னும் முடியவில்லை.